காத்திருப்போர் கணக்கு

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றைத் தேடிச் செல்வதே வரலாறு என்று பழகிய வாசகர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் சற்றே வியப்பளிக்கலாம். வலைச்செயலி ஒன்று விரைந்து இயங்குகிறதா, திணறுகிறதா என்பதை அளக்கும் கண்காணிப்பு முறைகள் எவ்வாறு உருவாயின என்பதையே இங்கு எடுத்துரைக்க முனைகிறோம். நம்மில் பலர் பிறந்த பிறகு தோன்றிய வரலாறுதான். ஆயினும் அதன் அடியில் கிடக்கும் கேள்வி மிகப் பழையது. எவருடைய இடர் ஏட்டில் ஏறுகிறது, எவருடையது ஏறாமலே போகிறது? மெய்க்கீர்த்திகளைப் படிக்கும்போது நாம் கேட்ட அக்கேள்வியை, கணினிகளின் பதிவேட்டைப் படிக்கும்போதும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆறு பேர்

2010 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டார். அச்சட்டப்படி, காப்பீடு இல்லாத மக்கள் பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்காக ஹெல்த்கேர்.கவ் என்னும் அரசு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்களுக்கு அதுவே வாசல். ஒரே நேரத்தில் ஐம்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்த இடத்தில் இரண்டரை இலட்சம் பேர் வந்து நின்றதாக வெள்ளை மாளிகையின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி டாட் பார்க் பின்னர் கூறினார். அத்தனை பேரில் முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர் என்று அத்துறையின் உள்கூட்டக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. இரண்டாம் நாள் முடிவில் அந்த எண்ணிக்கை 248.

கூட்டம் மிகுந்தது, கதவு அடைபட்டது என்று இதனை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் தளத்தைச் சீர்செய்ய அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் அழைக்கப்பட்ட பொறியாளர்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. எந்தப் பக்கம் திறக்க எத்தனை நொடியாகிறது, எத்தனை கோரிக்கைகள் பிழையில் முடிகின்றன, மக்கள் எந்தப் படியில் தேங்கி நிற்கிறார்கள் என்பவற்றை ஒரே பார்வையில் காட்டும் டாஷ்போர்டு அங்கு இல்லை. 2014ஆம் ஆண்டு டைம் இதழில் ஸ்டீவன் பிரில் எழுதிய விரிவான கட்டுரை இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. பல கோடி டாலர் செலவில் எழுப்பிய மாளிகையில், வாசலில் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்க ஒரு சாளரம் வைக்கப்படவில்லை.

2013இல் அத்தகைய சாளரங்களுக்குப் பஞ்சமில்லை. இலவசமாகவும் கிடைத்தன, விலைக்கும் கிடைத்தன. அப்படியிருந்தும் ஏன் வைக்கப்படவில்லை? வைக்கப்பட்டிருந்தால் அவை உண்மையைக் காட்டியிருக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட நாம் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தொலைபேசி நிலையத்தில் பிறந்த கணிதம்

காத்திருப்பைக் கணிதத்தால் அளக்கும் முயற்சி கணினிக்கு முந்தியது. டென்மார்க் நாட்டில் 1878இல் பிறந்த அக்னர் கிராரப் எர்லாங் என்பவர் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியேற்றார். இத்தனை சந்தாதாரர்களுக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் போதும் என்பதே அவர் முன் வைக்கப்பட்ட சிக்கல். அழைப்புகள் ஒழுங்கற்று வருகின்றன; ஆயினும் அந்த ஒழுங்கின்மைக்குள் ஒரு நியதி இருக்கிறது என்பதை 1909இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவர் காட்டினார். 1917இல் வெளியான அடுத்த ஆய்வுரை, எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும், திரும்பாதவை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பவற்றைக் கணக்கிடும் சூத்திரங்களைத் தந்தது. தொலைபேசிப் போக்குவரத்தின் அலகு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒரேயொரு பணியாளர் இருக்கும் எளிய வரிசையை எண்ணிப் பாருங்கள். அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருக்கும்போது, வந்தவர் ஒருவர் வேலையை முடித்துத் திரும்ப ஆகும் சராசரி நேரம், அந்த வேலைக்கு மட்டும் தேவையான நேரத்தைப் போல் இரு மடங்கு. பணியாளரின் நேரம் 90 விழுக்காடு நிரம்பினால் அது பத்து மடங்கு. 99 விழுக்காடு நிரம்பினால் நூறு மடங்கு. காத்திருப்பு படிப்படியாக ஏறுவதில்லை. நெடுநேரம் சமதரையாகக் கிடந்துவிட்டு, திடீரெனச் செங்குத்தாக எழுகிறது. நேற்று வரை நன்றாக ஓடிய தளம் இன்று சற்றே கூடுதலான கூட்டத்தில் முற்றிலும் நின்றுபோவதன் காரணம் இதுதான். சரிவைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுபவருக்கு அந்த மலைச்சுவர் அவகாசம் தராது. முன்கூட்டியே அளந்துகொண்டிருக்க வேண்டும்.

நேரம் எழுதாத பதிவேடு

இணையத்தின் கதைக்கு வருவோம். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை வழங்கியை இயக்கினார். சர்வர் என்று அன்றாடம் நாம் சொல்லும் அந்த வழங்கி, அவர் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினிதான். அதன் மேல் சிவப்பு மையால் கையெழுத்தில் எழுதப்பட்ட சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. இக்கணினி ஒரு வழங்கி, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்பது அதன் பொருள். வலைச்சேவை தடையின்றி இயங்குவதற்காக எடுக்கப்பட்ட முதல் ஏற்பாடு அந்தச் சீட்டு என்றால் தவறாகாது.

அந்த வழங்கியின் சுமை ஆண்டுக்குப் பத்து மடங்காகப் பெருகியது. அதை அறிந்துகொள்ள உதவியது பதிவேடு. யார் கேட்டார், எப்போது கேட்டார், எதைக் கேட்டார் என்பதை வழங்கி தன் கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தது. 1990களில் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான வழங்கி மென்பொருளும், அதன் வழிவந்து 1995இல் வெளியான அப்பாச்சியும் பயன்படுத்திய பொது வடிவம் இன்றளவும் வழக்கில் உள்ளது. ஒரு வரியில் ஏழு செய்திகள்: கேட்டவரின் முகவரி, அடையாளத்துக்கான இரு இடங்கள், நாளும் மணியும், கேட்ட பக்கம், முடிவைச் சொல்லும் எண், அனுப்பிய எழுத்துகளின் அளவு.

இந்த ஏழில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனித்தீர்களா? விடை தர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது அதில் இல்லை. கொடுத்த பொருளின் அளவு ஓர் எழுத்து பிசகாமல் பதிவாகிறது. பெற்றவர் காத்திருந்த நேரத்துக்கு இடமே இல்லை. கோயிலுக்குக் கொடுத்த ஆடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி, கொடை வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைச் சொல்லாத கல்வெட்டு போன்றது இது. அப்பாச்சியில் நேரத்தையும் எழுதுமாறு அமைக்கலாம். அதற்குரிய குறியீடு உண்டு. ஆனால் நிர்வாகி தாமே முனைந்து சேர்த்தால்தான் அது எழுதும். முனையாதவரின் ஏட்டில் நாற்பது நொடி காத்திருந்தவரும் நொடிப்பொழுதில் பெற்றுச் சென்றவரும் ஒரே மாதிரி வரியாகத்தான் நிற்பார்கள். இருவருக்கும் 200 என்னும் வெற்றி எண்ணே எழுதப்பட்டிருக்கும்.

ஐந்து நிமிடச் சராசரி

1994இல் தோபியாஸ் ஓட்டிக்கர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர் பணிபுரிந்த இடம் முழுவதற்கும் வெளியுலகத் தொடர்பு 64 கிலோபிட் இணைப்பு ஒன்றுதான். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அறிய எல்லோரும் விரும்பினர். அவர் எழுதிய சிறு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்புக் கருவியைக் கேட்டு, விடையை வரைபடமாக வரைந்து, வலைப்பக்கமாக வெளியிட்டது. எம்ஆர்டிஜி என்று பெயர் பெற்ற அந்தக் கருவி உலகெங்கும் பரவியது. பச்சை நிறப் பரப்பின் மேல் நீலக் கோடு ஓடும் அந்த வரைபடங்களை அக்காலக் கணினி அறைகளில் பணிபுரிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999இல் ஓட்டிக்கர் ஆர்ஆர்டிடூல் என்னும் அடுத்த கருவியைத் தந்தார். பழைய தரவுகள் இடத்தை அடைத்துவிடாதபடி, நாள் செல்லச் செல்ல அவற்றைச் சராசரியாகச் சுருக்கி வைத்துக்கொள்வது அதன் சிறப்பு.

சிறப்பு எதுவோ அதிலேயே குறையும் ஒளிந்திருக்கும் அல்லவா? ஐந்து நிமிடத்தில் நான்கரை நிமிடம் சும்மா கிடந்து, அரை நிமிடம் மூச்சுத் திணறிய இணைப்பு, வரைபடத்தில் பத்தில் ஒரு பங்கே நிரம்பியதாகத் தோன்றும். அந்த அரை நிமிடத்தில் வந்தவர்கள் பட்ட பாடு சராசரியில் கரைந்துபோகும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஒரு நாள் முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கியிருக்கும். எத்தனை இடைவெளியில் அளப்பது, எத்தனை நாள் சுருக்காமல் வைத்திருப்பது என்னும் இரண்டு எண்களை அமைப்பவர், எந்தத் துன்பம் நினைவில் நிற்கும், எது மறக்கப்படும் என்பதையும் சேர்த்தே அமைத்துவிடுகிறார்.

வாசலுக்கு வெளியே

இதுவரை சொன்ன கருவிகள் எல்லாம் கணினி அறைக்குள் நின்று அளந்தவை. அடுத்த மாற்றம், அளப்பவர் அறையை விட்டு வெளியே வந்தது. 1995இல் தொடங்கப்பட்ட கீநோட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் பல நகரங்களில் தன் கணினிகளை வைத்து, வாடிக்கையாளரைப் போலவே தளங்களைத் திறந்து பார்த்து நேரத்தைக் குறித்தது. 1998இல் லூ சர்ன் தொடங்கிய வைலி டெக்னாலஜி வேறொரு திசையில் சென்றது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட செயலிக்குள்ளேயே நுழைந்து, எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று அது கணக்கெடுத்தது. அவரே 2008இல் நியூ ரெலிக் நிறுவனத்தைத் தொடங்கி அந்த வசதியைச் சிறு தளங்களுக்கும் எட்டச் செய்தார்.

2007இல் யாகூ நிறுவனத்தின் ஸ்டீவ் சவுடர்ஸ் எழுதிய நூல் ஒரு பெரிய எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. பக்கம் தோன்ற ஆகும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு வரை வழங்கிக்கு வெளியே, பயனரின் உலாவியில்தான் கழிகிறது என்று அவர் காட்டினார். படங்களும் நிரல் கோப்புகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்வதிலேயே பொழுது போய்விடுகிறது. வழங்கியின் வரைபடத்தில் எல்லாம் நலம் என்று கோடு ஓடிக்கொண்டிருக்க, வெண்திரையைப் பார்த்தபடி பயனர் அமர்ந்திருக்கலாம். இதனை உலாவியே அளந்து சொல்லுமாறு டபிள்யூ3சி அமைப்பு ஒரு பொது விதியை வகுத்து, 2012 டிசம்பரில் அதற்கு இறுதி வடிவம் தந்தது. முதல் வலை வழங்கி இயங்கத் தொடங்கி 22 ஆண்டுகள் கழித்தே, காத்திருப்பவரின் கணினியில் காத்திருப்பை அளக்க அனைவருக்கும் பொதுவான வழி பிறந்தது.

ஒரு சோறு பதமாகுமா

எங்கு அளப்பது என்பது ஒருவாறு தெளிந்தது. அளந்ததை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால் அது மெய். வலைத்தளம் அத்தகைய பானை அன்று. அடியில் சில பருக்கைகள் எப்போதும் வேகாமலே கிடக்கின்றன.

அமேசான் நிறுவனத்தார் 2007இல் தங்கள் டைனமோ தரவுத்தளம் பற்றி வெளியிட்ட ஆய்வுரையில் இதைத் தெளிவாக எழுதினர். சராசரியைக் கொண்டு தரம் நிர்ணயிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஆயிரத்தில் 999 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதையே அளவாகக் கொண்டனர். அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு சிந்திக்கத்தக்கது. நீண்ட காலமாகப் பொருள் வாங்கி வருபவரின் வரலாறு நீளமானது. அதனைப் புரட்டிப் பார்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். எனவே வரிசையின் வாலில் தாமதத்துக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் அந்தப் பழைய வாடிக்கையாளரே. சராசரி அவரை மறைத்துவிடுகிறது.

2013இல் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ என்னும் கூகுள் பொறியாளர் இருவர் வால் எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டுக் காட்டினர். ஒரு வழங்கி நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். ஒரு பக்கத்தை உருவாக்க அத்தகைய நூறு வழங்கிகளிடம் கேட்டுப் பெற வேண்டுமானால், நூறு பயனர்களில் 63 பேர் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பார்கள். தனித்தனியே பார்த்தால் அரிதான பிழை, சேர்த்துப் பார்க்கையில் பெரும்பான்மையோரின் அனுபவமாகிவிடுகிறது. ஒரே கோரிக்கை பல வழங்கிகளில் பயணம் செய்வதை அடியொற்றித் தொடர, கூகுள் டாப்பர் என்னும் முறையை உருவாக்கியிருந்தது. 2010இல் அதுபற்றி வெளியான ஆய்வுரை, தொடக்கத்தில் 1024 கோரிக்கைகளுக்கு ஒன்றை மட்டுமே மாதிரியாக எடுத்ததாகச் சொல்கிறது. கூகுள் அளவுக்குக் கூட்டம் இருந்தால் அந்த ஒரு சோறு போதும். நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரும் தளத்தில் அதே எண்ணை அமைத்தால், பல நாள் ஒரு பருக்கையும் கையில் அகப்படாது.

கட்டங்கள்

சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கி 2015 ஜனவரியில் பொதுவில் அறிமுகமான பிரொமீதியஸ் என்னும் திறமூலக் கருவி, இத்தனை படிப்பினைகளையும் எளியோர் கைக்குக் கொண்டுவந்தது. 2014இல் வெளிவந்த கிரஃபானா அதன் கணக்குகளை அழகிய வரைபடங்களாக்கியது. இன்று ஓர் இளம் பொறியாளர் ஒரு பிற்பகலில் இவ்விரண்டையும் நிறுவிவிடலாம். நிறுவுவது எளிது, அமைப்பதில்தான் வரலாறு முழுவதும் திரும்பி வந்து நிற்கிறது.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். பிரொமீதியஸ் ஒவ்வொரு கோரிக்கையின் நேரத்தையும் தனித்தனியே நினைவில் வைப்பதில்லை. நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குள் எத்தனை விழுந்தன என்று எண்ணுகிறது. அதனுடன் வரும் நிரல் தொகுப்புகளில் வழக்கமான கட்டங்கள் ஆயிரத்தில் 5 பங்கு நொடியில் தொடங்கிப் 10 நொடியில் முடிகின்றன. அதற்கு மேற்பட்டவை எல்லாம் எல்லையில்லாக் கடைசிக் கட்டத்தில் விழும். நூற்றில் மிகத் தாமதமான அந்த ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று நாம் கேட்கும்போது, விடை அக்கடைசிக் கட்டத்தில் இருந்தால், கருவி 10 நொடி என்றே சொல்லும். அவர் 11 நொடி நின்றிருந்தாலும் ஒரு நிமிடம் நின்றிருந்தாலும் வரைபடத்தில் 10 என்னும் சமகோடு ஓடும். அது அளவுகோலின் நீளமேயன்றி அவருடைய காத்திருப்பின் நீளம் அன்று. தம் செயலியின் இயல்பை ஆராய்ந்து கட்டங்களை மாற்றியமைக்காதவர் அந்தக் கோட்டை உண்மை என்று நம்பியிருப்பார்.

இன்னும் சில உண்டு. ஐந்து வழங்கிகளின் நூற்றுமானங்களைத் தனித்தனியே கண்டு பின்னர் அவற்றின் சராசரியை எடுத்தால், அந்த எண் எவருடைய அனுபவத்தையும் குறிக்காது. கட்டங்களின் எண்ணிக்கையை முதலில் கூட்டிவிட்டே நூற்றுமானம் காண வேண்டும். பிழையில் முடிந்த கோரிக்கைகளை வெற்றிகளோடு கலந்து அளந்தால் விந்தையான விளைவு நேரும். இடமில்லை என்று திருப்பி அனுப்புவதற்கு இமைப்பொழுது போதும் என்பதால், தளம் உடைய உடைய அதன் வேகம் கூடுவதாக வரைபடம் காட்டும். எச்சரிக்கை மணியை ஒவ்வொரு சிறு சலனத்துக்கும் ஒலிக்குமாறு அமைத்தால், இரவுப் பணியாளருக்கு அது புலி வருது கதையாகிவிடும். ஐந்து நிமிடமேனும் நீடித்தால் மட்டும் ஒலிக்குமாறு அமைப்பது வழக்கம். கண்காணிக்கும் கருவியைக் கண்காணிக்கப்படும் கணினியிலேயே வைத்தால், விளக்கு அணையும்போது காவலாளியும் உடன் மடிவார்.

வராதவர்கள்

இவை அனைத்தையும் செவ்வனே அமைத்த பின்னும் ஒரு பிழை எஞ்சி நிற்கிறது. கில் டீனி என்னும் பொறியாளர் அதனை எண்களால் விளக்கினார். நொடிக்கு நூறு கோரிக்கைகள் வரும் தளம் ஒன்று நூறு நொடிகள் மிக நன்றாக, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் விடை தருகிறது. அடுத்த நூறு நொடிகள் அசைவற்று நின்றுவிடுகிறது. சோதனைக் கருவி ஒரு விடை வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் என்றால், அதன் ஏட்டில் பத்தாயிரம் நல்ல விடைகளும் ஒரேயொரு நூறு நொடித் தாமதமும் இருக்கும். சராசரி நொடியில் நூறில் ஒரு பங்கு அளவே. ஆனால் தளம் நின்றிருந்த நேரத்தில் நொடிக்கு நூறு பேர் வீதம் வந்துகொண்டேதான் இருந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால் உண்மையான சராசரி 25 நொடி. கடைக்காரர் உள்ளே போய்விட்டார்; வரிசையில் முதலில் நின்றவரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, பின்னால் வந்து நின்ற பத்தாயிரம் பேரை விட்டுவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நிகழ்ச்சி உண்டு. யூடியூப் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ் சக்கரையாஸ் 2012இல் அதை எழுதினார். காணொளிப் பக்கத்தின் எடை 1.2 மெகாபைட்டாக வளர்ந்திருந்ததைக் கண்டு, அவர் பெருமுயற்சி செய்து அதனை 98 கிலோபைட்டாகக் குறைத்தார். இறகு என்று பொருள்படும் பெயரிட்டு ஒரு பகுதியினருக்கு மட்டும் அதை வழங்கிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து வந்த கணக்கு அவரைக் கலங்க வைத்தது. பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது. முயற்சியைக் கைவிடும் எண்ணம்கூட எழுந்தது. பின்னர் அந்தக் கணக்கை நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் தொலைவிடங்கள் ஆகியவற்றிலிருந்து புதிதாக மக்கள் வந்திருந்தனர். பழைய பக்கம் அவர்களுடைய இணைப்பில் திறக்க இருபது நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே அவர்கள் காணொளி பார்க்க வந்ததே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது. இரண்டு நிமிடம் நீண்ட நேரம்தான். ஆயினும் காத்திருந்தால் கிடைக்கும் என்னும் நிலை அவர்களுக்கு முதன்முறையாக வாய்த்தது. அவர்கள் வந்து சேர்ந்ததால்தான் சராசரி கூடியது.

இத்தனை காலமும் அந்தத் தளத்தின் வரைபடம் அழகாக இருந்ததற்குக் காரணம், அதனால் மிகுதியும் துன்புற்றவர்கள் அதில் இடம்பெறாததே. காத்திருந்து சலித்துப் போனவர் நம் பதிவேட்டில் ஒரு வரியைக்கூட விட்டுச் செல்வதில்லை.

மீண்டும் அந்த அக்டோபர்

இப்போது ஹெல்த்கேர்.கவ் தளத்துக்குத் திரும்புவோம். அக்டோபர் இறுதியில் ஜெஃப்ரி சயன்ட்ஸ் தலைமையில் சீரமைப்பு தொடங்கியது. கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் உள்ளிட்டோர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று அளவைகளை நிறுவியது. டாஷ்போர்டு சில மணி நேரத்தில் உருவானது. அடிக்கடி கேட்கப்படும் தரவுகளை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து எடுக்காமல் கைக்கெட்டும் தற்காலிக நினைவகத்தில் வைக்கும் எளிய வழி கூட அங்குக் கையாளப்படாதது தெரியவந்து, அதுவும் திருத்தப்பட்டது. நாளுக்கு இரு முறை கூட்டம். அதில் டிக்கர்சன் வைத்த விதிகள் புகழ்பெற்றவை. இது சிக்கலைத் தீர்க்கும் இடம், பழியை மாற்றிப் போட வேறு இடங்கள் உள்ளன என்பது ஒன்று. பதவியில் உயர்ந்தவர் பேச வேண்டாம், அந்தச் சிக்கலை அறிந்தவர் பேசட்டும் என்பது மற்றொன்று.

இவ்விதிகளில்தான் நம் முதல் கேள்விக்கான விடை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஏராளமான ஒப்பந்த நிறுவனங்கள் தத்தம் பகுதியைக் கட்டின. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் இருந்தார். வாசலில் தொடங்கி முடிவு வரை ஒரு மனிதர் நடந்து செல்லும் பாதை முழுவதற்கும் பொறுப்பாளர் இல்லை. அதனால் அந்தப் பாதையை அளப்பதும் எவர் வேலையாகவும் இல்லை.

டிசம்பர் 1 அன்று அரசு வெளியிட்ட அறிக்கைப்படி, 8 நொடியாக இருந்த சராசரி மறுமொழி நேரம் ஒரு நொடிக்கும் கீழே வந்தது. 6 விழுக்காடாக இருந்த பிழைகள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ் இறங்கின. நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு நேரமே இயங்கிய தளம் 90 விழுக்காட்டுக்கு மேல் இயங்கியது. மாநிலங்களின் சொந்தத் தளங்களையும் சேர்த்து 80 இலட்சம் பேர் காப்பீட்டில் பதிவு செய்ததாக 2014 ஏப்ரலில் ஒபாமா அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு தொடங்கிய டிஜிட்டல் சேவைப் பிரிவின் முதல் தலைவரானார் டிக்கர்சன். ஒரு சேவை நம்பத்தக்கதாக இருக்க எவையெவை வேண்டும் என்பதை அவர் ஒரு கூம்பாக வரைந்தார். 2016இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட நூலில் அப்படம் இடம்பெற்றது. கூம்பின் உச்சியில் மக்கள் காணும் பொருள். அடித்தளத்தில், மற்ற எல்லாவற்றையும் தாங்கியபடி, கண்காணிப்பு.

ஆயினும் அந்த வெற்றி அறிக்கையிலும் சராசரி என்னும் சொல்லே நிற்கிறது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஒரு நொடிக்கும் குறைவு என்னும் அந்த எண்ணுக்குள், முதல் வாரத்தில் நான்கு முறை முயன்று சலித்து, பிறகு திரும்பியே வராத ஒருவர் இல்லை. அவர் வீட்டில் மருந்துக்குக் காத்திருந்தவர் எவரென்று எந்த வரைபடமும் சொல்லாது.

கண்காணிப்பை அமைப்பவர் வெறும் எண்களை நிரப்புவதாகவே எண்ணிக்கொள்கிறார். இடைவெளி 15 நொடி, கட்டம் 10 நொடி வரை, மாதிரி நூற்றுக்கு ஒன்று. உண்மையில் அவர் எழுதிக்கொண்டிருப்பது நாளைய பதிவேட்டின் தலைப்புகளை. அவர் தலைப்பு வைக்காத துன்பத்துக்கு அந்த ஏட்டில் இடம் இல்லை. பின்னால் வரும் எந்த வரலாற்றாசிரியராலும் அதைத் தேடி எடுக்க முடியாது. ஆதலின் அந்த எண்களை இடுமுன், இந்தக் கணக்கில் வராமல் போகிறவர் யார் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நன்று.